மண் போறணை கட்டித் தோட்டத்தில் பீட்சா இரவு நடத்துவது எப்படி?

டிக்கோயா வாசகன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் தோட்டத்து வாசிகசாலையை நடத்தும் இளைஞர்கள் நாங்கள், வரும் பெப்ரவரியில் ஒரு சனிக்கிழமை மாலையில், டிவிசனில் உள்ள குடும்பங்களுக்கெல்லாம் பீட்சா சுட்டுக் கொடுப்பதென்று முடிவு செய்திருக்கிறோம். அட்டனுக்குப் போய் வரும்போது கடைக் கண்ணாடிக்குள் பார்த்ததோடு சரி, சாப்பிட்டுப் பார்த்திராத பிள்ளைகள் இங்கே நிறைய உண்டு. குடும்பத்துக்கு ஒன்று வாங்குவதென்றால் ஒருவருடைய நாட்சம்பளம் அதிலேயே கரைந்துவிடும். எல்லோருக்கும் வாங்கிக் கொடுக்க எங்களிடமும் பணமில்லை. ஆகவே வாசிகசாலைக்குப் பக்கத்தில் மண்ணால் ஒரு போறணை கட்டி, மா பிசைவது முதல் சுடுவது வரை அனைத்தையும் நாங்களே செய்யலாம் என்பது யோசனை. ஏறத்தாழ 60 பேர் வருவார்கள் என்று எதிர்பார்க்கிறோம்.

பழைய பிள்ளைக்காம்பராவை (பிள்ளைகள் பராமரிப்பு நிலையத்தை) இடித்தபோது மிஞ்சிய செங்கற்கள் ஒரு குவியலாகக் கிடக்கின்றன. கவ்வாத்து வெட்டிய மலையிலிருந்து கொண்டுவந்த மிலாறு (வெட்டிய தேயிலைக் கிளைகள்) ஒவ்வொரு வீட்டிலும் அடுக்கியிருக்கிறது. மண்ணுக்குப் பஞ்சமில்லை, ஆனால் எந்த மண் சரி என்பது எங்களில் எவருக்கும் தெரியாது. எங்கள் பக்கத்து ஈரத்தில் அந்த மண் எப்போது காயும், 60 பேரையும் காக்க வைக்காமல் ஒரே போறணையில் சுட்டு முடிக்க இயலுமா, சீஸ் விலைக்கு மாற்றுவழி ஏதேனும் உண்டா என்பவையும் எங்களுடைய கேள்விகள். இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும்: நிலம் தோட்டக் கம்பனியினுடையது. தோட்டத்து முகாமையாளரான துரையிடம் அனுமதி கேட்டிருக்கிறோம். மறுக்கவில்லை, ஆனால் நிரந்தரக் கட்டடம் எதுவும் எழுப்பக் கூடாது என்று சொல்லியிருக்கிறார். அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் உதவியாக இருக்கும்.

ஊவா மேசன் எழுதியது:

தம்பி, நல்ல முயற்சி. நான் பண்டாரவளைப் பக்கத்தில் கட்டட வேலை செய்பவன்; விடுதிகளுக்கும் ஓரிரு பாடசாலைகளுக்கும் இத்தகைய மண் போறணைகளைக் கட்டிக் கொடுத்திருக்கிறேன். முதலில் மண்ணைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் மற்ற எல்லாம் அதில்தான் நிற்கிறது.

தேயிலை மலையின் மேல்மண் கறுத்து, இலைதழை மக்கி, பஞ்சுபோல் இருக்கும். அது செடிக்கு நல்லது, போறணைக்கு உதவாது. அதற்குக் கீழே இரண்டு மூன்று அடி ஆழத்தில் மஞ்சளும் சிவப்புமாக வரும் ஒட்டுமண்தான் உங்களுக்கு வேண்டும். அதை எடுப்பதற்காக லயத்துக்குப் பின்னால் உள்ள மண்மேட்டைச் செதுக்க வேண்டாம். மீரியபெத்தையில் 2014 ஒக்டோபரில் மலை சரிந்து லயங்களைப் புதைத்ததை நம்மில் எவரும் மறந்திருக்க மாட்டோம். சரிவின் அடிவாரத்தை வெட்டுவது சிறிய வேலையாகத் தோன்றினாலும் மேலே உள்ள மண்ணின் பிடிமானத்தைத்தான் அது குறைக்கிறது. டிவிசனில் யாராவது புதிதாக மலசலகூடக் குழியோ வீட்டு அத்திவாரமோ தோண்டுகிறார்களா என்று விசாரியுங்கள். ஆழத்திலிருந்து வரும் அந்த மண்ணைக் கொட்ட இடமில்லாமல் அவர்களே தவித்துக்கொண்டிருப்பார்கள். புற்றுமண் இந்த வேலைக்கு மிகச் சிறந்தது என்று சிலர் சொல்வார்கள், அது உண்மையும்கூட. ஆனால் அம்மனுக்கு மஞ்சள் தெளித்து வணங்கும் புற்றில் மண்வெட்டி வைத்துவிட்டு அடுத்த நாள் எவரையும் விருந்துக்கு அழைக்க முடியாது.

மண்ணில் எவ்வளவு களி இருக்கிறது என்று பார்க்க, ஒரு கண்ணாடிப் போத்தலில் பாதியளவு மண்ணையும் மீதிக்குத் தண்ணீரையும் விட்டு, ஒரு சிட்டிகை உப்புச் சேர்த்து நன்றாகக் குலுக்கி அசையாமல் வைத்துவிடுங்கள். மணல் உடனே அடியில் படியும், வண்டல் அதன்மேல் நிற்கும், களி எல்லாவற்றுக்கும் மேலே மெல்ல இறங்கும். இந்த மூன்று அடுக்குகளையும் பார்த்த பிறகே எவ்வளவு மணல் கலப்பது என்று முடிவு செய்ய வேண்டும். பெரும்பாலும் ஒரு பங்கு களிமண்ணுக்கு இரண்டு முதல் மூன்று பங்கு மணல் தேவைப்படும். கலவையைத் தோடம்பழ அளவுக்கு உருட்டித் தோள் உயரத்திலிருந்து கீழே போட்டுப் பாருங்கள். சப்பையாகிப் பரவினால் தண்ணீர் அதிகம், சிதறினால் களி போதாது, உருண்டை சற்று நசுங்கி விரிசல் விடாமல் கிடந்தால் அதுவே சரியான பதம். சீமெந்து சேர்த்தால் உறுதியாக இருக்குமே என்று கட்டாயம் ஒருவர் யோசனை சொல்வார். சேர்க்கக் கூடாது. அந்தச் சூட்டில் சீமெந்து உதிரும்.

அளவைப் பொறுத்தவரை உள்விட்டம் 70 சென்றிமீற்றர், உள்ளுயரம் 40 சென்றிமீற்றர் வையுங்கள். வாயின் உயரம் உள்ளுயரத்தில் 63 சதவீதம், அதாவது 25 சென்றிமீற்றர் இருக்க வேண்டும். அதைவிட உயர்ந்தால் சூடு முழுவதும் வெளியேறிவிடும், தாழ்ந்தால் நெருப்புக்குக் காற்று போதாமல் புகை மூட்டமாகிவிடும். இந்த அளவைச் சரியாகப் பிடித்தால் புகைபோக்கி தேவையில்லை, புகை வாயின் மேல்பகுதியாலேயே போய்விடும். தளத்துக்கு உங்களுடைய பழைய செங்கற்களே போதும், ஆனால் அவற்றில் ஒட்டியிருக்கும் சுண்ணாம்பைச் சுரண்டிச் சுத்தமாக்கி, தட்டினால் கணீரென்று ஒலிப்பவற்றை மட்டும் பொறுக்குங்கள். மணலைச் சமப்படுத்தி அதன்மேல் சாந்து இல்லாமல் நெருக்கி அடுக்குங்கள். பிறகு ஈரமணலைக் கவிழ்த்த கூடையின் வடிவில் குவித்து, அதை நனைத்த பத்திரிகைத் தாளால் மூடி, கலவையை 8 முதல் 10 சென்றிமீற்றர் கனத்தில் கீழிருந்து மேலாகச் சுற்றிச் சுற்றி அப்ப வேண்டும். இதற்கு ஏறக்குறைய 200 கிலோ கலவை தேவைப்படும். காலால் மிதித்துக் குழைப்பதுதான் எளிது. அதற்குப் பிள்ளைகளை அழைத்தால் போதும், நீங்கள் போகச் சொன்னாலும் போக மாட்டார்கள்.

அதற்கு மேலே இன்னொரு சுற்று, மணல் இல்லாமல் களிமண் கூழில் நறுக்கிய மானாப்புல்லையோ மர ஆலைத் தூளையோ பிசைந்து, அதே கனத்துக்குப் போடுங்கள். இது சூட்டைப் பிடித்து வைக்கும் கம்பளம். நம் மலைக்காற்றில் இது இல்லாமல் போறணை நடத்துவது வீண் விறகுச் செலவு.

காய்வதுதான் உங்கள் பக்கத்துப் பெரிய பிரச்சினை. எங்கள் ஊவாப் பக்கம் ஆனி முதல் ஆவணி வரை காய்ந்து கிடக்கும். உங்களுக்கோ அந்த மாதங்களில்தான் தென்மேற்குப் பருவமழை கொட்டும். ஆகவே தை, மாசி மாதங்களை நீங்கள் தேர்ந்தது சரி, ஆனால் அதற்கு மார்கழியிலேயே வேலையைத் தொடங்க வேண்டும். போறணையைக் கட்டிவிட்டுக் கூரை போடாதீர்கள். முதலில் நான்கு கால் நட்டுத் தகரம் போட்டுவிட்டு அதன் கீழே கட்டுங்கள். பெருவிரலால் அழுத்தினால் பள்ளம் விழாமல், நகத்தால் கீறினால் மட்டும் கோடு விழும் பதத்தில் வாயை வெட்டி உள்மணலைக் கையால் வாரி எடுங்கள். பிறகு இரண்டு மூன்று கிழமை காற்றில் விட்டு, அதன்பின் தினமும் சிறு சுள்ளி நெருப்பு. சுவரில் மயிரிழை வெடிப்புகள் வரும், பயப்பட வேண்டாம். விரல் நுழையும் வெடிப்பு என்றால்தான் மண் பூச வேண்டும்.

பழைய பேக்கரிக்காரன் எழுதியது:

மேசன் ஐயா சொன்ன மண்கணக்கில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் ஒரு மாலைப் பொழுதுக்காக இவ்வளவு கனமான போறணை எதற்கு என்பதே என் கேள்வி. நான் விறகுப் போறணையில் பாண் சுட்டே வளர்ந்தவன். பாணுக்குக் கனமான சுவர் வேண்டும், ஏனென்றால் நெருப்பை வெளியே இழுத்துவிட்டுச் சுவரில் ஏறிய சூட்டில் மட்டுமே அதைச் சுடுகிறோம். பீட்சாவுக்கு நெருப்பு உள்ளேயே ஒரு பக்கமாக எரிந்துகொண்டிருக்கிறது. மேலே நக்கிப் போகும் சுவாலைதான் பாதி வேலையைச் செய்கிறது. துரை நிரந்தரக் கட்டடம் வேண்டாம் என்று சொல்லியிருக்கும்போது, அந்தப் பழைய செங்கற்களையே மண்சாந்தில் வளைத்து அடுக்கி, மேலே ஒரு கை மண்ணைப் பூசி, வேலை முடிந்ததும் கலைத்து எடுத்துவிடலாம். சுவர் மெல்லியதாக இருந்தால் சீக்கிரம் சூடேறும், சீக்கிரம் காயும்.

எந்தப் போறணையாக இருந்தாலும் நெருப்பைப் படிக்கத் தெரிய வேண்டும். மாலை 6 மணிக்கு முதல் பீட்சா என்றால் பிற்பகல் 3 மணிக்கே பற்ற வைத்துவிடுங்கள். நடுவில் சுள்ளியைக் கூட்டித் தொடங்கி, மெல்ல மெல்லப் பருமனான விறகுக்குப் போக வேண்டும். முதல் ஒரு மணி நேரத்தில் உட்கூரை முழுவதும் கரிபிடித்துக் கறுத்துவிடும். அதைப் பார்த்து மனம் சோர வேண்டாம். சூடு ஏற ஏற உச்சியிலிருந்து அந்தக் கரி எரிந்து, மண்ணின் வெளுத்த நிறம் வட்டமாகத் தெரியத் தொடங்கும். அந்த வட்டம் பக்கச் சுவர்களுக்கும் இறங்கிய பிறகே போறணை தயார். அப்போது தணலை ஒரு பக்கமாக ஒதுக்கி, நீண்ட கம்பில் கட்டிய ஈரச் சாக்கால் தளத்தைத் துடைத்து, ஒரு சிட்டிகை மாவை உள்ளே எறிந்து பாருங்கள். எறிந்ததும் கருகினால் தளம் அளவுக்கு மீறிச் சூடு, கொஞ்சம் பொறுக்க வேண்டும். சில விநாடிகளில் பொன்னிறமானால் போடலாம். வெள்ளையாகவே கிடந்தால் இன்னும் விறகு வேண்டும்.

பீட்சா சுடும் கலைக்காக யுனெஸ்கோவின் மரபுரிமைப் பட்டியலில் 2017ஆம் ஆண்டு இடம்பெற்ற நேப்பிள்ஸ் நகரத்தார், தளம் 400 செல்சியஸ் பாகையைத் தாண்ட வைத்து 60 முதல் 90 விநாடிக்குள் எடுத்துவிடுவார்கள். நாம் அவர்களோடு போட்டிக்குப் போக வேண்டியதில்லை. அந்தச் சூட்டில் புதிய கைகள் பத்தில் நான்கைக் கரியாக்கிவிடும், சாதாரணச் செங்கல்லும் செதில் விடும். 300 முதல் 350 பாகையில் இரண்டரை, மூன்று நிமிடம் வைத்து, நடுவில் ஒருமுறை திருப்பி எடுங்கள்.

விறகில் மிலாறு பற்றவைக்க அருமையானது, விரைவில் சுவாலை தரும், ஆனால் தணல் நிற்காது. தணலுக்கு நன்றாகக் காய்ந்த கிரவேலியா அல்லது யூகலிப்டஸ் பிளந்த கட்டைகள் வேண்டும். உங்கள் பக்கத்தில் வெட்டிப் பிளந்து ஆறு மாதமாவது கூரைக்குக் கீழே இருந்தால்தான் அதைக் காய்ந்த விறகு என்று சொல்லலாம். வர்ணம் பூசிய பலகை, பழைய ஜன்னல் சட்டம், மருந்தடித்துப் பதப்படுத்திய பெட்டிப் பலகை எதையும் உணவு வேகும் நெருப்பில் வைக்கவே கூடாது. மிலாறிலும் சமீபத்தில் மருந்து தெளித்த மலையிலிருந்து வந்ததைத் தவிருங்கள்.

மாவைப் பற்றி: 1 கிலோ கோதுமை மாவுக்கு 620 மில்லிலீற்றர் தண்ணீர், 20 கிராம் உப்பு, அரைத் தேக்கரண்டி உலர் ஈஸ்ட். இதில் 230 கிராம் உருண்டைகள் ஏழு வரும். தலைக்குப் பாதிப் பீட்சா என்று 30 சுடுவதானால் நாலரைக் கிலோ மா, தூவுவதற்கும் சேர்த்து 5 கிலோ வாங்கினால் சரி. ஈஸ்ட் குறைவாக இருக்கிறதே என்று கூட்டிவிடாதீர்கள். வெள்ளி இரவு பிசைந்து மூடி வைத்தால் மாசி மாதக் குளிரில் சனிக்கிழமை முழுவதும் அது மெல்லப் பொங்கும். மாவுக்குச் சுவை வருவதே அந்த மெத்தனத்தால்தான். பிற்பகல் இரண்டு மணிக்கு உருண்டை பிடித்து, மாத் தூவிய தட்டில் ஈரத்துணியால் மூடி, போறணைக்குச் சற்று அருகில் வையுங்கள்.

நுவரெலியா டீச்சர் எழுதியது:

இருவரும் போறணையைப் பற்றி நிறைவாக எழுதிவிட்டார்கள். இங்கே 1868 மீற்றர் உயரத்தில் மா பிசைபவள் என்ற முறையில் ஒன்றை மட்டும் சேர்க்கிறேன்: உயரம் கூடக் கூடக் காற்றழுத்தம் குறைவதால் மாவுக்குள் உண்டாகும் வாயு எளிதாக விரியும். குளிர் ஈஸ்ட்டைத் தாமதப்படுத்தும், ஆனால் அது வேலையைத் தொடங்கிவிட்டால் மா சடுதியாகப் பொங்கித் தளர்ந்துவிடும். ஆகவே கடிகாரத்தைப் பார்க்காமல் மாவைப் பாருங்கள். இரட்டிப்பாவதற்குச் சற்று முன்பே உருண்டை பிடித்துவிடுங்கள்.

நான் எழுத விரும்புவது வரிசையைப் பற்றி. 70 சென்றிமீற்றர் தளத்தில் ஒரு பக்கம் தணல் போய்விட்டால், ஒரு நேரத்தில் ஒரு பீட்சாதான். வைத்து எடுப்பதும், ஐந்தாறு சுட்ட பிறகு ஆறிப்போன தளத்தின்மேல் தணலை இழுத்துவிட்டு மறுபடி சூடேற்றுவதும் சேர்ந்தால் மணிக்குப் பதினைந்துக்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். முப்பது பீட்சாவுக்கு இரண்டு மணி நேரம். ஒரு வீட்டுக்கு ஒரு முழுப் பீட்சா என்று கணக்கு வைத்தால் கடைசி வீட்டுக்காரர் இரவு 8 மணிக்கு வெறுங்கையோடு நின்று, முதல் வீட்டுக்காரர் தின்பதைப் பார்த்துக்கொண்டிருப்பார். அங்கேதான் மனத்தாங்கல் வரும். எனவே யாருக்கும் தனிப் பீட்சா வேண்டாம். வெளியே வருவது ஒவ்வொன்றையும் ஆறு துண்டாக வெட்டி, மரப் பலகையில் வைத்து, கூட்டத்துக்குள் கொண்டுபோய்ச் சுற்றவிடுங்கள். எல்லோருக்கும் முதல் முக்கால் மணி நேரத்துக்குள்ளேயே ஒரு துண்டு கிடைத்துவிடும், பிறகு எவரும் வரிசையை எண்ணமாட்டார்கள்.

பிள்ளைகளுக்கு மட்டும் ஒரு விதிவிலக்கு வைக்கலாம். 100 கிராம் மாவைக் கையில் கொடுத்துத் தாங்களே தட்டித் தாங்களே அலங்கரிக்கச் சொல்லுங்கள். அந்தச் சிறிய அளவில் இரண்டை ஒன்றாகச் சுடலாம். வட்டமாக வராது, இலங்கைப் படம் போலவும் வரும். கேலி செய்பவர்களை அடுப்படிப் பக்கம் விட வேண்டாம். ஆனால் போறணையின் வாய்க்கு முன்னால் இரண்டு பாக (இரண்டு ஆள் கைவிரித்த) தூரத்துக்குக் கயிறு கட்டி, சுடுபவரையும் அவருடைய உதவியாளரையும் தவிர வேறு எவரையும் உள்ளே விடாதீர்கள். ஒரு வாளி தண்ணீரும் ஒரு வாளி மணலும் கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும். சுடுபவர் நைலோன் கலந்த ஜம்பர் அணியக்கூடாது. குளிருக்கு அதைத்தான் எல்லோரும் போட்டுக்கொண்டு வருவார்கள், தணலிலிருந்து ஒரு பொறி பட்டால் உருகி உடம்பில் ஒட்டிக்கொள்ளும்.

மேலே போடுவதற்கு நம் கைவசம் உள்ளவையே ஏராளம். தக்காளியை வேக வைக்காமல் கையால் பிசைந்து, உப்பிட்டு, தண்ணீரை வடித்துவிட்டுப் பூசுங்கள். லீக்ஸை மெல்லியதாக அரிந்து எண்ணெயில் வதக்கியே போட வேண்டும், பச்சையாகப் போட்டால் நுனி கருகி நடு வேகாமல் நிற்கும். கறிமிளகாயும் பெரிய வெங்காயமும் அப்படியே போகலாம். உருளைக்கிழங்கு அவித்தது; கோழி கட்டாயம் முழுதாகச் சமைத்தது. மூன்று நிமிடத்தில் பச்சைக் கோழி வேகாது. சீனிச் சம்பலை மெல்லியதாகப் பரப்பி அதன்மேல் கொஞ்சம் சீஸ் போட்டுச் சுட்டுப் பாருங்கள். எங்கள் வீட்டில் கடையில் வாங்கும் எதையும் விட இதற்குத்தான் கேள்வி அதிகம்.

சீஸ் விலை பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஒரு பீட்சாவுக்கு 60, 70 கிராமுக்கு மேல் தேவையில்லை. கூடினால் எண்ணெய் ஊறி நடு சொதசொதவென்று ஆகிவிடும். ஆக 30 பீட்சாவுக்கு 2 கிலோ போல. அதிலும் பாதியை உருகும் சீஸாக வாங்கி, மீதிக்குத் தோட்டத்தில் மாடு வைத்திருப்பவர்களிடம் பால் வாங்கித் தேசிக்காய்ப் புளி விட்டுத் திரித்து, துணியில் கட்டித் தொங்கவிட்ட பன்னீரை உதிர்த்துப் போடலாம். ஒரு லீற்றர் பசும்பாலில் 150 கிராம் போலக் கிடைக்கும். அது உருகாது, நூல் இழுக்காது, ஆனால் மேலே பொன்னிறமாகச் சிவந்து வரும்.

கடைசியாக, யார் எதைச் சாப்பிடுவார்கள் என்பதை முன்கூட்டியே விசாரித்து வையுங்கள். மாட்டிறைச்சி எந்தப் பெயரிலும் வேண்டாம். டவுனிலிருந்து முஸ்லிம் நண்பர்கள் வருவார்கள் என்றால் கோழியை ஹலால் கடையிலேயே வாங்கிவிட்டால் எல்லோருக்கும் ஒன்றாகப் போய்விடும். சைவம் சாப்பிடுபவர்களுக்கு முதல் பன்னிரண்டு பீட்சாவையும் சைவமாகவே சுட்டு, அதன் பிறகே கோழிக்கும் மாசிக் கருவாட்டுக்கும் போங்கள். பலகையும் கத்தியும் தனித்தனியாக இருக்க வேண்டும். விடுமுறை என்று போயா நாளைத் தேர்ந்தெடுத்துவிடாதீர்கள், அன்று இறைச்சிக் கடை திறக்காது. கோவில் திருவிழாவுக்குக் கொடி ஏறியிருக்கும் நாட்களிலும் வேண்டாம். காமன் கூத்துக்குக் கம்பம் நடும் தோட்டமாக இருந்தால் அந்தக் காலமும் மாசியில்தான் வரும். பெரியவர்களிடம் திகதியைக் கேட்டுவிட்டு அறிவியுங்கள்.

ஊவா மேசன் எழுதியது:

பேக்கரிக்கார அண்ணன் சொல்வதில் நியாயம் உண்டு, ஆனால் ஒரு விடயத்தை விட்டுவிட்டார். மெல்லிய சுவர் சீக்கிரம் சூடேறும் என்பது சரி; அந்தச் சூட்டை வெளியே விடுவதும் அவ்வளவு சீக்கிரமே. பெப்ரவரி மாத இரவில் டிக்கோயாவில் காற்று அடிக்கும்போது, ஆறாவது பீட்சாவுக்குப் பிறகு தளம் குளிர்ந்து, டீச்சர் சொன்ன மணிக்குப் பதினைந்து என்பது எட்டாகிவிடும். கனத்தைக் குறைக்க வேண்டுமென்றால் உட்சுவரை 6, 7 சென்றிமீற்றராகக் குறையுங்கள். மானாப்புல் அடுக்கை மட்டும் விட்டுவிடாதீர்கள். அதற்குச் செலவும் இல்லை, பாரமும் இல்லை.

பழைய பேக்கரிக்காரன் எழுதியது:

அதை ஏற்றுக்கொள்கிறேன். மெல்லிய சுவர், மேலே புல் அடுக்கு என்றால் எனக்குச் சம்மதம். இன்னொன்று: பீட்சா முடிந்ததும் நெருப்பை அணைத்துவிட்டுப் போகாதீர்கள். தணலை வாரி எடுத்து, வாயை ஈரமான பலகையால் மூடி ஒரு மணி நேரம் விட்டால் சூடு பாண் சுடும் அளவுக்கு இறங்கியிருக்கும். மிஞ்சிய மாவை உருட்டி உள்ளே வைத்தால் அரை மணி நேரத்தில் பாண். அதற்குப் பிறகு வற்றாளைக் கிழங்கைத் தோலோடு போட்டு மூடிவிட்டால் காலையில் வெந்திருக்கும். கடைசிச் சூட்டில் அடுத்த முறைக்கான விறகை உள்ளே அடுக்கிவிடுங்கள், ஆனால் தளத்தில் ஒரு பொறிகூட இல்லை என்று பார்த்த பிறகு.

டிக்கோயா வாசகன் எழுதியது:

ஐயா, அண்ணா, டீச்சர், மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று வாசிகசாலையில் எல்லாவற்றையும் உரக்க வாசித்துக் காட்டினோம். கருமாரி கோவில் தலைவர் கோவில் வளவிலேயே கட்டச் சொன்னார். அங்கே கட்டினால் கோழிக்கு இடமில்லை என்பதால் வாசிகசாலைப் பக்கமே வைத்துக்கொள்வதாகச் சொல்லி அவரையும் சம்மதிக்க வைத்துவிட்டோம். துரையிடம், போறணையில் சீமெந்து ஒரு பிடியும் இல்லை, வேண்டாமென்றால் ஒரு நாளில் உடைத்து மண்ணோடு மண்ணாக்கிவிடலாம் என்று விளக்கியதும், அது கட்டடமாகாது என்று அனுமதித்துவிட்டார். மெல்லிய சுவரும் மானாப்புல் அடுக்கும் என்று முடிவு. ஒரு வீட்டில் புதிதாக மலசலகூடக் குழி வெட்டுகிறார்கள். போத்தலில் குலுக்கிப் பார்த்ததில் களி மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமாக நிற்கிறது.

இன்னும் ஒரே ஒரு சந்தேகம். தகரக் கூரையை எவ்வளவு உயரத்தில் வைப்பது, எந்தப் பக்கம் சாய்ப்பது? காற்று எங்களுக்குப் பள்ளத்தாக்குப் பக்கமிருந்து மேல்நோக்கி வரும்.

ஊவா மேசன் எழுதியது:

களி அந்த அளவில் நின்றால் ஒன்றுக்கு இரண்டு என்று மணலைச் சேர்த்து, ஒரு சிறு செங்கல் அளவுக்கு வார்த்துக் காய வைத்துப் பாருங்கள். வெடிக்காவிட்டால் அதே கணக்கில் முழுவதையும் குழைக்கலாம். போறணையின் உச்சிக்கும் தகரத்துக்கும் இடையில் குறைந்தது ஒன்றேகால் மீற்றர் இடைவெளி வேண்டும், முன்பக்கக் கால்களை மரமாக வைக்காமல் இரும்புக் குழாயாக வையுங்கள், சுவாலை வாயிலிருந்து வெளியே நீளும் நேரங்கள் உண்டு. வாய் பள்ளத்தாக்கை நேராகப் பார்க்கக் கூடாது. காற்றுக்குக் குறுக்காக, பக்கவாட்டில் திருப்பிக் கட்டுங்கள், இல்லையென்றால் புகை முழுவதும் சுடுபவரின் கண்ணுக்குத்தான். கூரையின் சாய்வு பின்பக்கம் இறங்கட்டும். முன்பக்கம் இறக்கினால், அன்றைக்கென்று ஒரு மழை வரும்போது தகரத்துத் தண்ணீர் பீட்சா போடுபவரின் முதுகில் கொட்டும்.